பனியில் ஏறி, கங்கையில் இறங்கி

குவாரி கணவாயின் வடக்குச் சரிவில் காலடியில் நொறுங்கும் பனி, வெயில் ஏறியதும் உருகி ஓடையாகி, தௌலிகங்கா ஆற்றில் சேர்கிறது. விஷ்ணுபிரயாகையில் அது அலக்நந்தாவோடு கலக்கிறது. தேவபிரயாகையில் பாகீரதியும் வந்து சேர்ந்தபின் அதற்குக் கங்கை என்று பெயர். இன்னும் கீழே, கௌடியாலாவுக்கும் ரிஷிகேசத்துக்கும் நடுவில், எட்டுப் பேர் துடுப்போடு உட்கார்ந்திருக்கும் ரப்பர் படகைத் தூக்கிப் போடுவதும் இதே தண்ணீர்தான்.

உத்தராகண்டின் கர்வால் மலைகளில் எட்டு, ஒன்பது நாளுக்கு நடத்தப்படும் வழிகாட்டியுடன் கூடிய சாகசச் சுற்றுலா பெரும்பாலும் இந்தத் தண்ணீரின் பாதையை ஒட்டித்தான் அமைகிறது. ரிஷிகேசத்திலிருந்து வண்டியில் ஜோஷிமட். அங்கிருந்து நான்கைந்து நாள் மலை நடை. திரும்பி வந்து ஒன்றிரண்டு நாள் ராஃப்டிங். கூடாரம், சமையல், தூங்கும் பை, சுமை தூக்குபவர், படகு எல்லாம் நடத்துபவர் பொறுப்பு. தண்ணீர், மழைச்சட்டை, சிறு தின்பண்டம் அடங்கிய முதுகுப்பை ஒன்றுதான் நம் தோளில். முன் அனுபவம் இல்லாதவரும் போகலாம் என்று விளம்பரம் சொல்லும். அது உண்மைதான். ஆனால் முன் அனுபவம் இல்லாதவருக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று தெரியாது. இமயம் போகவேண்டும் என்று முதல் தடவையாக நினைக்கும் தமிழ் வாசகருக்கு அதை விளக்கிச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் மிக மதிப்புள்ள பங்கு, “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்லும் அறிவும் அதிகாரமும் உள்ள ஒருவருக்குப் போக வேண்டும். கூடாரத்தின் தரம், சாப்பாட்டு வகை, புகைப்படம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சாலையிலேயே ஒரு நாள்

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் ஊர் நான்குவழிச் சாலைக் கணக்கில் அரை நாள்கூட ஆகாது. இங்கே விடியற்காலையில் கிளம்பினால் போய்ச் சேர மாலையாகிவிடும். சாலை ஆற்றை விடாமல் ஒட்டிக்கொண்டு போகிறது. தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என்று ஒவ்வொரு கூடலிலும் ஒரு துணையாறு வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். தேவபிரயாகையில் இரண்டு ஆறுகளும் நிறம் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் காட்சிக்காகவே வண்டியை நிறுத்தச் சொல்லலாம். அங்குள்ள ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் பாடிய திருக்கண்டம் கடிநகர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்பது ஜோஷிமட் என்று வைணவ மரபு கொள்கிறது. மலையேறப் போகிறவர்களுக்கு இது தேவையில்லாத செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சாலை தமிழ் நாவுக்குப் புதிய இடம் இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இந்த மலை இன்னும் இறுகி நிலைக்காத மலை. மழை பெய்தால் சரியும், மழை நின்ற பிறகும் சரியும். பாறை விழுந்து சாலை அடைபட்டால் ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஜோஷிமட் ஊரே பழைய மண்சரிவின் மேல் அமர்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான கட்டடங்களில் விரிசல் விட்டது செய்திகளில் வந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். அதனால் பயண நிரலில் எந்த வேலையும் குறிக்காத வெறும் நாள் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்டு நாளில் எட்டு நாளையும் நிரப்பி வைத்திருக்கும் நிரலில் சாலை அரை நாளைத் தின்றால், அந்த அரை நாளை மலையில் வேகமாக ஏறித்தான் ஈடுகட்டுவார்கள். அந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் அடுத்துச் சொல்லப்போவது.

உயரம் உடம்பில் செய்வது

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஊட்டி நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் தலைகாட்டும். அதாவது, தமிழ்நாட்டிலேயே சுற்றி மலையேறியவருக்கு, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அனுபவம் இருக்காது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவரின் கால் நன்றாகவே இருக்கும். அவருடைய நுரையீரலும் சிறுநீரகமும் இந்தப் பரீட்சையை இன்னும் எழுதவில்லை.

குவாரி கணவாய் ஏறத்தாழ 3,800 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இங்கே உள்ளதேதான். காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைந்துபோகிறது. உடம்பு முதலில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கும். அப்படிச் செய்யும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். மூளை அதைக் கண்டு மூச்சைத் தணிக்கச் சொல்லும். தூக்கத்தில் மூச்சு சற்று நின்று, பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டு விழிப்பு வருவது இதனால்தான். பக்கத்துத் தூங்கும் பையில் இருப்பவர் இப்படி மூச்சு விடுவதைக் கேட்டுப் பதறவேண்டாம். ஓரிரு நாளில் சிறுநீரகம் அந்தக் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றிக் கணக்கைச் சரிசெய்யும். மலையில் முதல் இரவுகளில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழவேண்டியிருந்தால், குளிரில் அது தொல்லைதான், ஆனால் உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இந்த வேலைக்கு நாள் வேண்டும். அவசரப்படுத்த முடியாது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், ஒரு நாள் தூங்கும் உயரத்துக்கும் மறுநாள் தூங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் உயர மருத்துவத்தின் பொது விதி. பகலில் அதைவிட மேலே போய்வந்தால் பரவாயில்லை, தூங்கும் இடம்தான் கணக்கு. குவாரி பாதையை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். ஜோஷிமட் ஏறத்தாழ 1,890 மீட்டர். முதல் முகாமான குல்லிங் 2,900 மீட்டரை ஒட்டியது. அடுத்த முகாம் குல்லாரா 3,350 அளவில். கணவாயைத் தொட்டுவிட்டு மறுபடி கீழே வந்துதான் தூங்குகிறோம். ஆகவே விதிக்குள் அடங்குகிறது. புதிதாக வருபவருக்கு இந்தப் பாதையைப் பரிந்துரைக்க எனக்கு இதுவே முதல் காரணம். இதே பாதையில் ஒரு நாளைக் குறைத்து, ஜோஷிமட்டிலிருந்து நேரே குல்லாராவில் கொண்டுபோய்த் தூங்கவைத்தால், விலை குறையும், ஆபத்து கூடும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அளவுக்கு மீறிய களைப்பு – தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லேசாக இருந்தால் அதே உயரத்தில் தங்கலாம். குறைந்தால் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும். இதில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, மறைப்பது. குழுவைத் தாமதப்படுத்திவிடுவோமோ, கொடுத்த பணம் வீணாகுமோ, இளைஞர்கள் மத்தியில் வயதானவர் என்று பேர் வந்துவிடுமோ என்ற கூச்சம். உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தம் இல்லை. மாரத்தான் ஓடும் இருபத்தைந்து வயதுக்காரர் படுத்துவிடலாம். அவருடைய அம்மா தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இதன் முற்றிய நிலைகள் இரண்டு. நுரையீரலில் நீர் கோப்பது ஒன்று: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, உதடு நீலம் பாயும். மூளை வீங்குவது மற்றொன்று: பேச்சு குழறும், நடை தள்ளாடும், நல்ல மனிதர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியில் தொட்டுத் தொட்டு நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லி வழிகாட்டி பார்ப்பது இதற்குத்தான். எது வந்தாலும் சிகிச்சை ஒன்று: உடனே, நள்ளிரவானாலும், கீழே இறக்குவது. ஆக்சிஜன் உருளையும் ஊசிமருந்தும் இறங்குவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கும், இறங்குவதற்கு மாற்றாகாது.

டயமாக்ஸ் என்று கடையில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிறுநீரகம் செய்யும் மேற்சொன்ன வேலையை அது விரைவுபடுத்துகிறது, நோய்க்குறியை மூடி மறைப்பதில்லை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். ஆகவே ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை அமுக்கும், மலை முடியும் வரை வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதை இரவில் உடம்போடு ஒட்டித் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு பயன்படாது. சர்க்கரை அளவு காட்டும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டக்கூடும்.

காலையும் மாலையும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிக் குறித்துக்கொள்வது நல்ல குழுக்களின் பழக்கம். குல்லாரா உயரத்தில் 85-க்கும் 90-க்கும் இடைப்பட்ட எண் பலருக்கு இயல்பு. ஊரில் 98 பார்த்துப் பழகியவர் பயந்துவிடக் கூடாது. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கும் வழிகாட்டியைவிட, நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எப்படி நடந்து வந்தீர்கள், முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் மேல்.

மலை நடை

ஜோஷிமட்டுக்கு அப்பால் தாக் என்ற சிற்றூரிலிருந்து நடை தொடங்குகிறது. மொட்டை மாடிகளில் தானியம் காயும் வீடுகள், படிக்கட்டு வயல்கள், பிறகு கருவாலியும் புராஞ்ஷும் அடர்ந்த காடு. புராஞ்ஷ் என்பது ரோடோடெண்ட்ரான். மார்ச், ஏப்ரலில் மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து நிற்கும். காட்டுக்கு மேலே புல்வெளி. கர்வாலில் புக்யால் என்பார்கள்.

கணவாயில் நின்றால் வடக்கிலும் கிழக்கிலும் வானம் முழுவதும் பனிச் சிகரங்கள்: சௌகம்பா, காமெட், ஹாத்தி-கோடி, துரோணகிரி, கிழக்கே தள்ளி நந்தா தேவி. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவி, கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்து இந்தியாவின் உயரமான சிகரம். அதைச் சுற்றியுள்ள உட்பகுதி 1983 முதல் மனிதர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 1934-இல் அந்த உட்பகுதிக்குள் முதன்முதலில் வழி கண்டு நுழைந்த ஷிப்டனும் டில்மனும் ஜோஷிமட்டுக்கு இந்தக் குவாரி கணவாய் வழியாகத்தான் வந்தார்கள். துரோணகிரி, அனுமன் சஞ்சீவிக்காகப் பெயர்த்துச் சென்றதாகச் சொல்லப்படும் மலை. அதன் அடிவாரத்து ஊர்க்காரர்கள் தங்கள் மலையைப் பெயர்த்த மனத்தாங்கலில் இன்றும் அனுமனை வணங்குவதில்லை.

கீழே பள்ளத்தாக்கைப் பார்ப்பதும் முக்கியம். தௌலிகங்கா கரையில் இருக்கும் தபோவனமும் அதற்கு மேலே ரைணி கிராமமும் இந்தப் பகுதிதான். 1974-இல் கௌரா தேவியும் ரைணிப் பெண்களும் மரங்களைக் காத்து நின்று சிப்கோ இயக்கத்துக்கு உயிர் கொடுத்த ஊர். 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து ரிஷிகங்கா வழியாக வெள்ளமாகப் பாய்ந்து, இரண்டு நீர்மின் திட்டங்களை அடித்து, இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டதும் இங்கேதான். மழை பெய்யாத, வெயில் அடித்த காலை நேரம் அது. மேலிருந்து பார்க்கும்போது அமைதியாகத் தெரியும் இந்தப் பள்ளத்தாக்கின் கதையைச் சொல்லத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி கிடைத்தால் அது உங்கள் பாக்கியம். அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக்காரர் யாராவது அந்தக் கதையில் இருப்பார்கள்.

குளிருக்கு ஒரே தடிமனான கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வியர்வையில் நனைந்தால் காயாது. நின்றவுடன் அந்த ஈரமே உடல் சூட்டை உறிஞ்சும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி இறுகிக் கிடக்கும் சரிவுகளில் காலணிக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் வேண்டும், நடத்துபவர் கொடுப்பார். காலணியைப் புதிதாக வாங்கி நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரு மாதமாவது ஊரில் போட்டு நடங்கள். பெண்கள் மாதவிடாய்ப் பொருட்களை மறக்காமல் எடுத்துச்செல்வது போலவே, பயன்படுத்தியதைக் கீழே கொண்டுவர ஒரு தனிப் பையும் எடுத்துச்செல்ல வேண்டும். அந்தக் குளிரில் எதுவும் மக்காது.

கணவாய்க்குப் போகும் நாளில் விடியலுக்கு முன்பே கிளப்புவார்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறும், காற்று மாறும். நல்ல வழிகாட்டி முந்தின இரவே ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவார்: இத்தனை மணிக்குள் மேலே சேரவில்லை என்றால், பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும் திரும்புகிறோம். சூடான கூடாரத்தில் எல்லோரும் தலையாட்டுவோம். மறுநாள் அந்த நேரம் வரும்போது, கணவாய் கண்ணுக்கெதிரே இருக்கும்போது, மனம் கேட்காது. 2024 ஜூன் தொடக்கத்தில் இதே உத்தராகண்டில், சஹஸ்திரதால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் கொண்ட குழு 4,000 மீட்டருக்கு மேல் திடீரென மாறிய வானிலையில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூன் என்பது அங்கே கோடை. யார் மேல் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. கோடைக்காலம், அனுபவசாலிகள், வழிகாட்டி எல்லாம் இருந்தும் மலை ஒரு பிற்பகலில் எப்படி மாறும் என்பதற்காகச் சொல்கிறேன். நமக்கும் 2018 மார்ச்சில் குரங்கணி இருக்கிறது. காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தபின்தான் தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது.

நதியின் கணக்கு

ராஃப்டிங்கை மலையேற்றத்தைவிடப் பயங்கரமானது என்று பலர் நினைக்கிறார்கள். இரைச்சல் அப்படி. உண்மையில் நதி, மலையைவிட முன்கூட்டியே படிக்கக்கூடியது. பக்கவாட்டு ஓடைகள் மழைக்காலத்தில் உருட்டிக்கொண்டு வரும் பாறைகள் அவை நதியில் சேரும் இடத்தில் குவிகின்றன. அங்கே நதி குறுகும், தரை சரியும், தண்ணீர் வேகமெடுத்து அலையாக எழும். அதுதான் நுரைப்பாய்ச்சல். பாறைக்கு மேலே வழிந்து விழும் தண்ணீர் அடியில் திரும்பிச் சுழன்று மேல்நோக்கி ஏறும் இடம் குழி. படகைப் பிடித்து நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இந்தக் குழிதான். பாய்ச்சல் முடிந்ததும் கரையோரம் தண்ணீர் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழலும். படகோட்டி அங்கே ஒதுங்கி, பின்னால் வரும் படகுகளுக்குக் காவல் நிற்பார்.

இந்தப் பாய்ச்சல்களை உலக அளவில் ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்பது வெறும் ஓட்டம். மூன்றில் அலை ஒழுங்கற்று வரும், துடுப்பு போட்டே ஆகவேண்டும். நான்கில் வழி தவறினால் கவிழும். ஆறில் படகு விடுவதில்லை. ரிஷிகேசத்துக்கு மேலே ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பெயர் உண்டு: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், த்ரீ பிளைண்ட் மைஸ், ரிடர்ன் டு சென்டர். ‘தி வால்’ என்பது நான்காம் தரம். நதி வளைந்து பாறைச் சுவரில் மோதித் திரும்பும் இடம். நீர் அதிகமாக இருந்தால் பயணிகளை இறக்கிக் கரையில் நடத்திக் கூட்டிச்செல்வார்கள். அதை ஏமாற்றம் என்று எண்ணாதீர்கள். அந்தப் படகோட்டிக்கு வேலை தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவபுரியிலிருந்து ரிஷிகேசம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர், கௌடியாலாவிலிருந்து ஏறத்தாழ 36. இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் சிவபுரி, மறுநாள் கௌடியாலா என்று வைப்பதே முறை. மாறாக வைத்தால், துடுப்பு பிடிக்கவே தெரியாத கையோடு நேரே ‘தி வாலில்’ போய் நிற்போம்.

அதே இடம், அதே பெயர், ஆனால் நீரின் அளவு மாறினால் தரமும் மாறும். மழைக்காலம் முடிந்து செப்டம்பர் இறுதியில் நதி திறக்கும்போது நீர் மிகுதி, வேகம் அதிகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பச்சையாகத் தெளிந்து குறைவாக ஓடும். ஏப்ரலுக்குப் பின் பனி உருகி மறுபடி ஏறும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ராஃப்டிங் கிடையாது. இதற்கு மேல் அணைகள் வேறு. பாகீரதியில் 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணை, அலக்நந்தாவில் ஸ்ரீநகர் நீர்மின் திட்டம். மின்சாரத்துக்காக அவை தண்ணீர் விடும் நேரத்தைப் பொறுத்து ஒரே நாளில் நதி ஏறி இறங்கும். ஆகவே கரையில் மணல்திட்டில் பையை வைத்துவிட்டுக் குளிக்கப்போவதுகூட யோசித்துச் செய்யவேண்டிய காரியம்.

படகில் ஏறுமுன் நடக்கும் பத்து நிமிட விளக்கத்தைக் கைப்பேசி பார்க்காமல் கேளுங்கள். ‘ஃபார்வர்டு’, ‘பேக்’, ‘ஸ்டாப்’, ‘கெட் டவுன்’ என்று நான்கைந்து கட்டளைகள்தான். இந்தி தெரியாவிட்டாலும் கவலையில்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியபின் ஒருவர் அதன் தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் தளர்ச்சி. துடுப்பின் மேல்முனையில் இருக்கும் டி வடிவக் கைப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடியிருக்க வேண்டும். நதியில் உடையும் பற்களில் பெரும்பாலானவை பாறையால் உடைவதில்லை, பக்கத்துக்காரரின் கைப்பிடியால்தான்.

தண்ணீரில் விழுந்தால் முதல் அதிர்ச்சி குளிர். நெஞ்சு தானாக இழுத்து மூச்சு வாங்கும். அந்த ஒரு நிமிடத்தில் நீந்த முயலாமல் முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்து மூச்சை அடக்கி ஒழுங்குபடுத்துவதே வேலை. பிறகு மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை நீர்ப்பரப்புக்கு உயர்த்தி வைக்க வேண்டும். பாறை வந்தால் கால் தாங்கும், தலை தப்பும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால் நதி உங்களைக் குப்புறத் தள்ளி அழுத்தும். கயிற்றுப் பையை வீசினால் பையை விட்டுவிட்டுக் கயிற்றை நெஞ்சோடு பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், கைகளால் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். நீச்சல் தெரியாதவரும் போகலாம். ஆனால் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவரைப் படகின் நடுவில் உட்காரவைப்பார்கள்.

பெரிய பாய்ச்சல்கள் உள்ள பகுதியில் உங்கள் படகுக்கு முன்னால் காவலுக்கு ஒரு கயாக் போக வேண்டும். படகோட்டியே தலைக்கவசத்தில் கேமரா மாட்டி, காணொளி விற்பதில் மும்முரமாக இருந்தால் அந்தப் படகில் ஏறவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடுவழியில் பாறையிலிருந்து குதிக்கக் கூப்பிடுவதையும் தவிருங்கள். அங்கே அடியில் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் மாறுகிறது.

யாரை நம்பிப் போவது

பெரும்பாலான நிறுவனங்கள் மலை, நதி இரண்டில் ஒன்றைத்தான் சொந்தமாக நடத்துகின்றன. மற்றதை வேறொருவருக்குக் கைமாற்றிவிடுகின்றன. அது குற்றமில்லை. நதிப்பகுதியை நடத்தப்போவது யார், அவருக்கு மாநிலச் சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான கொள்கை வகுக்கப்படும் வரை ராஃப்டிங்கையும் பாராகிளைடிங்கையும் நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. நிறுத்தம் நீங்கிவிட்டாலும் கேட்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

மலை வழிகாட்டி உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ, டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ படித்தவரா, காட்டு முதலுதவிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். பிறகு நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி: கடைசியாக எப்போது, எந்த இடத்திலிருந்து குழுவைத் திருப்பி அழைத்து வந்தீர்கள்? “எங்கள் குழு திரும்பியதே இல்லை, நூறு சதவீதம் வெற்றி” என்று பெருமையாகச் சொல்பவரிடம் நன்றி சொல்லி விடைபெறலாம். திருப்பி அழைத்துவந்தால் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. அந்தப் பணத்தை எழுதித் தள்ள மனம் தயாராக இருந்தால்தான் வழிகாட்டியோடு வாதாடாமல் இருப்போம்.

சுமை தூக்குபவர்களைப் பற்றிக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். ஒருவருக்கு எத்தனை கிலோ? அவர்களுக்கும் கூடாரம், தூங்கும் பை, காப்பீடு உண்டா? கோவேறு கழுதைகள் வந்தால் புண்ணோடு ஓட்டப்படுகின்றனவா? விலை குறைந்த பயணத்தில் குறைந்த பணம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கும். பல நேரம் அது இவர்கள் கூலியிலிருந்துதான்.

கூடாரம் எங்கே அடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். புக்யால் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடைசெய்தது. கங்கைக் கரை மணலை ஒட்டிய முகாம்களுக்கு 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. நடு புல்வெளியிலும் நதி மணலிலும் கூடாரப் படம் போட்டு விளம்பரம் செய்பவர், பழைய படத்தைப் போடுகிறார் அல்லது விதியை மீறுகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கு ஒன்று: செயற்கைக்கோள் தொலைபேசியும் அதுபோன்ற செய்திக் கருவிகளும் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

எப்போது, எப்படித் தயாராவது

மலையும் நதியும் ஒருசேர நன்றாக அமைவது அக்டோபர், நவம்பரிலும், மார்ச், ஏப்ரலிலும். முதலாவதில் வானம் துல்லியம். இரண்டாவதில் புராஞ்ஷ் பூ. பனியில் நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் டிசம்பருக்குப் பின், ஆனால் நதிக்குளிர் எலும்பைத் தொடும்.

மூன்று மாதம் முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள். ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் மூச்சிரைக்காமல் மெல்லோட்டமாகக் கடக்க முடிந்தால் போதும். அதைவிட முக்கியம் படிக்கட்டு, அதிலும் இறங்குவது. ஏற்றத்தில் மூச்சு சிரமப்படும், இறக்கத்தில் முழங்கால் சிரமப்படும், ஊருக்குத் திரும்பும்போது பெரும்பாலோர் நொண்டுவது முழங்காலால்தான். வார இறுதிகளில் பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று திறந்திருக்கும் காலம் பார்த்து முதுகுப்பையோடு ஏறி இறங்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை வழிகாட்டிகளோடு நாற்பது பாதைகளை இணையப் பதிவில் திறந்துவைத்தது. வழிகாட்டிக்குப் பின்னால் குழுவாக நடக்கும் ஒழுங்கை அங்கே பழகிக்கொள்ளலாம்.

மலையில் சாப்பாடு ரொட்டி, பருப்பு, சோறு, ராஜ்மா, உருளைக்கிழங்கு. மாவுச்சத்து மிகுந்த அந்த உணவே உயரத்துக்கு ஏற்றது. பருப்புப்பொடியும் ஊறுகாயும் சின்னப் பொட்டலம் கொண்டுபோனால், பசி மந்தமாகும் மூன்றாம் நாளில் உங்கள் கூடாரத்தைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

சில நிறுவனங்கள் ராஃப்டிங்கை முதலில் வைத்து மலையைப் பின்னால் வைக்கின்றன. மலை முதலில், நதி பின்னால் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சாலையிலோ கணவாயிலோ ஒரு நாள் போனால், நதியில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம், யாருக்கும் உடல் கெடாது. மலையில் ஒரு நாளைக் குறைக்க முடியாது. நதி முடிந்த அன்று மாலையே டேராடூனிலிருந்து விமானம் பிடிக்கும்படி சீட்டு எடுக்காதீர்கள். அன்றிரவு ரிஷிகேசத்தில் தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் புறப்படும் விமானத்துக்கு எடுங்கள்.